ஜீவிய சரித்திரத்தில் விட்டுப்போனவை

மார்ட்டின் லுத்தரின் வழிவந்த எங்கள் லுத்தரன் சபைகளில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை வாசிப்பது வழக்கம். பிறந்த ஊர், பெற்றோர், ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை சபையின் முன் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), திருமணம், உத்தியோகம், பிள்ளைகள், கடைசியில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. யாருக்கு எழுதினாலும் இந்த வரிசை மாறாது. நடுவில் ‘ஜெபவீரர்’, ‘அன்பின் உருவம்’ என்று இரண்டு மூன்று பட்டங்களைத் தூவிவிட்டால் வேலை முடிந்தது. வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்காது, வெயிலில் நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்காது.

2023இல் அம்மாவுக்காக அண்ணன் எழுதியதும் அப்படித்தான் இருந்தது. அரைப் பக்கம். அதில் பொய் எதுவும் கிடையாது. ‘முப்பத்தைந்து ஆண்டுகள் செவிலியராகத் தன்னலமற்ற சேவை புரிந்தார்’ என்ற வரி வந்தபோது மட்டும் எனக்குச் சுருக்கென்றது. அம்மா கேட்டிருந்தால், “மாதா மாதம் சம்பளம் வாங்கினேன், அதையும் எழுது” என்று அண்ணனிடம் சொல்லியிருப்பார். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டின் கூரை ஓட்டிலிருந்து கான்கிரீட் தளத்துக்கு மாறியது. அந்தச் சம்பளத்தில்தான் சித்தி இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அரைப் பக்கத்தில் இடமில்லாமல் போனவற்றைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா 1951இல் நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் பிறந்தவர். தாத்தா உபதேசியார். ஐயர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர், சாவுக்கும் கல்யாணத்துக்கும் முதல் ஆளாய் நிற்கிறவர், சம்பளத்தை மட்டும் கடைசி ஆளாய் வாங்குகிறவர், அவர்தான் உபதேசியார். (வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. இதைக் கேட்டுக் குழம்பாத புது நண்பர் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.)

லுத்தரன் என்றதும் பலருக்குத் தரங்கம்பாடிதான் ஞாபகத்துக்கு வரும். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்திறங்கிய கரை அது, பெருமைக்குரியதுதான். ஆனால் கடலூர்க்காரர்களாகிய எங்களுக்கும் இந்தக் கதையில் பழைய பங்கு உண்டு. சுவீடனைச் சேர்ந்த கீர்நாந்தர் 1740இல் இங்கே ஊழியத்துக்கு வந்தார். தேவனாம்பட்டினத்தில் இன்றைக்கும் இடிபாடாக நிற்கிற புனித டேவிட் கோட்டை அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்ததும் கீர்நாந்தர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்து வந்த மிஷனரிகள் தென்னார்க்காட்டின் கிராமங்களில் பள்ளிக்கூடங்களையும் மருத்துவமனைகளையும் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சிதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அம்மா படித்தது அந்த மிஷன் விட்டுச்சென்ற போர்டிங் பள்ளி ஒன்றில். கஞ்சி, கூழ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழம்பு. தையலும் ஞானப்பாட்டும் அங்கே கற்றவை. தையலைக் கைவிட்டார், பாட்டைக் கடைசிவரை விடவில்லை.

பள்ளி முடித்த பெண்பிள்ளைக்கு அன்று இரண்டே வழிகள் இருந்தன. டீச்சர் டிரெயினிங், இல்லாவிட்டால் நர்ஸ் டிரெயினிங். முதலாவதற்குக் கையிலிருந்து பணம் போட வேண்டும். இரண்டாவதில் சாப்பாடும் தங்கும் இடமும் கொடுத்து, கைச்செலவுக்கு ஒரு சிறு தொகையும் கொடுத்தார்கள். தாத்தா தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். அழைப்பு, தரிசனம் என்றெல்லாம் யாரும் கற்பனை செய்ய வேண்டாம். “பீ மூத்திரம் அள்ளுவதற்கா இவளைப் பதினோரு வருடம் படிக்க வைத்தீர்கள்?” என்று பாட்டி கேட்டாராம். தாத்தாவிடம் அதற்குப் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

பாட்டியின் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த, ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு 1946இல் கொடுத்த அறிக்கையில், அன்றைய இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவரோ 6,300 பேருக்கு ஒருவர். பிரிட்டன் போன்ற நாடுகளில் மருத்துவரைவிட நர்ஸ் கூடுதலாக இருக்க, இங்கே தலைகீழாக இருந்தது. பிறர் ரத்தத்தையும் சீழையும் மலத்தையும் தொடுவது தீட்டு என்று நினைத்த சமூகத்தில் அந்த வேலைக்கு யார் வருவார்கள்? கிறிஸ்தவப் பெண்கள் வந்தார்கள் என்று சபை மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெண்களில் பலர் ஏற்கெனவே தீட்டு என்று ஒதுக்கி வைக்கப்பட்ட தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்பதைச் சேர்த்துப் பேசுவதில்லை. அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் கையால் ஊசி போட்டுக்கொள்வார்கள், பிரசவம் பார்த்துக்கொள்வார்கள், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் யாரையாவது கொடுக்கச் சொல்வார்களாம். அம்மா இதைக் கோபமில்லாமல்தான் சொல்வார். “மாத்திரையை விழுங்கினால் சரி என்று விட்டுவிடுவேன்” என்பார். எனக்கு அப்படி விட மனம் வராது. வீட்டில் யாராவது ‘அந்தக் காலத்து ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள்’ என்று ஆரம்பித்தால் இந்தக் கதையைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

மிஷன் மருத்துவமனையில் பயிற்சி முடித்து, மகப்பேற்றுப் பயிற்சியையும் முடித்து, 1974இல் அரசு வேலைக்கு வந்தார். அப்போது ஊசிக் குழல் கண்ணாடி. ஒவ்வொரு முறையும் கழுவி, கொதிக்க வைத்து, ஊசியின் முனை மழுங்கியிருந்தால் கல்லில் தீட்டிப் பயன்படுத்த வேண்டும். மழுங்கிய ஊசியைப் போடுகிற நர்ஸை வார்டு முழுக்கச் சபிக்கும். பஞ்சு உருட்டுவது, காஸ் துணி வெட்டி மடிப்பது, ரப்பர் விரிப்பைக் கழுவி நிழலில் உலர்த்துவது எல்லாமே நர்ஸுகளின் கைவேலை. டிரிப் ஓடும் வேகத்தைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். ஒரு மில்லிக்குப் பதினைந்து சொட்டு விழும் குழாயில் 500 மில்லி பாட்டிலை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 சொட்டு. இதைப் பேப்பரில் போட்டுப் பார்க்காமல் சொல்வார். எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வந்ததே இந்த டிரிப் கணக்கில்தான்.

கரும்பும் முந்திரியும் விளைகிற மாவட்டத்தில் எந்த வார்டிலும் பூச்சிமருந்து குடித்தவர்கள் இருப்பார்கள். கடன், குடும்பச் சண்டை, பரீட்சை, காதல் என்று காரணம் எதுவாகவும் இருக்கும். அந்த நோயாளிகளைப் பற்றி அம்மா நிறையச் சொல்லியிருக்கிறார். வாயிலும் நுரையீரலிலும் நீர் சுரந்துகொண்டே இருக்கும், கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். மருத்துவர் அட்ரோபின் என்ற மாற்று மருந்தை எழுதிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு இரவு முழுக்க நர்ஸின் பாடு. சில நிமிடங்களுக்கு ஒரு முறை நாடி, கண்பாவை, நெஞ்சில் நீர்ச்சத்தம். மருந்து குறைந்தால் நோயாளி தன் சளியிலேயே மூழ்குவார். கூடினால் பிதற்றுவார், காற்றில் இல்லாததைப் பிடிக்கப் பார்ப்பார், துணியைப் பிய்ப்பார். இரண்டுக்கும் நடுவே நிறுத்தி வைக்க வேண்டும்.

இரண்டாம் நாள் நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். வீட்டார் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு நிம்மதியாவார்கள். அம்மாவுக்கு அப்போதுதான் பயம் தொடங்குமாம். இந்த விஷத்தில் முதல் நாள் பிழைத்தவர்களுக்கும் அடுத்த ஓரிரு நாளில் கழுத்துத் தசை தளர்ந்து, பின்னாலேயே மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும், “தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்குங்கள், பார்க்கலாம்” என்று கேட்பார். தூக்க முடியாவிட்டால் மருத்துவரைக் கூப்பிட ஓட்டம். எந்தக் கருவியும் தேவைப்படாத சோதனை. பாம்புக்கடிக்கும் அதே மாதிரி ஒன்று இருந்தது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து ஆடாமல் அசையாமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று புரிந்துவிடும். “பக்கத்தில் நின்று இருபது நிமிடமும் பார்க்க வேண்டும். பதினைந்தாவது நிமிடத்தில் ஆர்வம் தாங்காமல் யாராவது ஆட்டிப் பார்த்துவிடுவார்கள்” என்று சலித்துக்கொள்வார்.

வார்டுப் பொருள் கணக்கிலும் அவர் கறார். கத்தரி ஒன்று குறைந்தாலும் அடுத்த ஷிப்டுக்காரரிடம் சாவி போகாது. யாருக்கு எத்தனை மில்லி உள்ளே போனது, எத்தனை மில்லி சிறுநீர் வெளியே வந்தது என்று எழுதாத நர்ஸை நிற்க வைத்துக் கேட்பார். கூட வேலை பார்த்தவர்களுக்கு அம்மாவைப் பிடித்திருந்தது என்று நான் சொன்னால் அது ஜீவிய சரித்திர நடையாகிவிடும். பலருக்குப் பிடிக்கவில்லை. மதித்தார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு கணக்குப் பார்த்தவர், தான் செய்த நன்மைக்குக் கணக்கு வைத்ததே இல்லை. என்னைப் பொறுத்தவரை அம்மாவின் மதம் என்பது இந்த இடத்தில்தான் இருக்கிறது. லுத்தர் கற்பித்ததன் மையம் மிகவும் எளிமையானது: மனிதன் தன் நற்செயல்களால் கடவுளிடம் எதையும் சம்பாதித்துக்கொள்ள முடியாது, கிருபை என்பது சும்மா கிடைப்பது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எங்கள் வீட்டில் மனப்பாடமாகச் சொல்லாமல் யாரும் வளர்ந்ததில்லை. சும்மா கிடைக்கிறது என்றால் எதற்காக நல்லது செய்ய வேண்டும் என்று சிறு வயதில் கேட்டேன். “பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தேவைப்படுகிறதே, அதற்காகத்தான்” என்றார் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. பரலோகத்துக்கு ஏணி கட்டுகிற வேலை கழிந்துபோனதால், அவர் பார்வை முழுக்கக் கட்டிலில் கிடக்கிற ஆள்மேல் இருந்தது. புண்ணியம் சேர்க்க வருகிறவர்களின் கையில் நோயாளி ஒரு படிக்கட்டு. தொண்டு செய்ய வந்து படம் எடுத்துக்கொண்டு போகிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நர்ஸ் வேலைக்கும் லுத்தரன் மரபுக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற சிற்றூரில் தியோடர் ஃபிளீட்னர் என்ற குருவானவரும் அவர் மனைவி ஃபிரெடெரிகேயும் 1836இல் பெண்களுக்கு நோயாளர் பராமரிப்புப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851இல் சில மாதங்கள் தங்கிப் பயிற்சி பெற்ற இடம் அது. இதை நான்தான் எங்கோ படித்துவிட்டு அம்மாவிடம் பெரிதாகச் சொன்னேன். “அப்படியா, நல்லது” என்று கேட்டுக்கொண்டார். அவர் ஞாபகத்தில் இருந்ததெல்லாம் பயிற்சிக் காலத்தில் தலையில் வைத்த கஞ்சி போட்ட தொப்பியும், அது வியர்வையில் தொய்ந்துபோனால் கிடைத்த திட்டும்தான்.

நர்ஸின் பிள்ளைகளாக வளர்வதில் பெருமை என்ன என்று இன்றுவரை கண்டுபிடிக்க முயல்கிறேன். இரவு ஷிப்டு வாரங்களில் அப்பாதான் சமைப்பார். அவர் பள்ளி ஆசிரியர், சாம்பாரையும் பாடத்திட்டம் போலவே வருடம் முழுக்க மாற்றாமல் வைப்பார். பகலில் அம்மா தூங்குவதால் ரேடியோ கிடையாது, சண்டை கிடையாது, கதவைச் சாத்தினால் அடி. மற்ற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா மடி கிடைக்கும். எங்களுக்கு வெப்பமானியும் ஈரத்துணியும் கிடைக்கும். 39 டிகிரிக்குக் கீழே இருந்தால் அது காய்ச்சலே இல்லை. வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியின் தலையைத் தட்டிச் சமமாக்காமல் போட்டால் திட்டு வேறு.

என் திடப்படுத்தல் ஆராதனைக்கு அம்மா பாதியில்தான் வந்தார். வெள்ளைப் புடவையில் மற்ற அம்மாக்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, என் அம்மாவும் வெள்ளைப் புடவையில்தான் வந்தார், சீருடையில். முந்தைய இரவு பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. வலிப்பை அடக்க மெக்னீசியம் சல்பேட் போட்ட பெண்ணை, முழங்கால் தட்டல், மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அடுத்த ஷிப்டுக்காரர் வரத் தாமதமானால் விட்டுவிட்டு வர முடியாது. காரணம் சரிதான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும். அம்மாவும் என்னிடம் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, நன்றியும் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஈடாகத் தன் தியாகத்தைச் சொல்லிக் காட்டுகிற அம்மாக்களை என் தோழிகள் வீடுகளில் பார்த்த பிறகுதான், எனக்குக் கிடைத்திருந்த விடுதலை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அம்மா அன்று விடுப்பில் இருந்தார். கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கடல் உள்ளே வந்துவிட்டது என்று தெருவில் கூச்சல். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அம்மா பட்டுப்புடவையோடு மருத்துவமனைக்குப் போனார். மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அன்று இறந்தார்கள். பிழைத்து வந்தவர்களின் காயங்களில், காதில், கண்ணில், தொண்டையில் எல்லாம் மணல். கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்ததாம். சேற்று நீரை விழுங்கியவர்களுக்கு அன்று மாலையிலிருந்தே மூச்சுத் திணறல்.

மதியத்துக்கு மேல் இறந்தவர்களின் பக்கம் ஆள் தேவைப்பட்டது. அம்மா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, அடையாளம் தெரியாத ஒவ்வோர் உடலுக்கும் எழுதினார். சட்டையின் நிறம், தாலிக் கயிற்றில் கோத்திருந்தவை, பச்சைகுத்தியிருந்த பெயர், குழந்தையாக இருந்தால் அரைஞாண் கயிறு கறுப்பா சிவப்பா, காதில் என்ன, தழும்பு எங்கே. கையெழுத்து மாறாமல், வார்டு நோட்டில் எழுதுகிற அதே ஒழுங்கில். அடுத்த நாள்களில் தேடி வந்தவர்களில் சிலருக்கு முகத்தைப் பார்க்காமலேயே அந்த எழுத்து போதுமாயிருந்தது. அந்த வருடம் வீட்டில் சுட்ட முறுக்கும் அதிரசமும் அப்படியே டப்பாவோடு முகாமுக்குப் போயின.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கடற்கரை ஊர்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தவர்கள். இரண்டாவது பிரசவம் முடிந்ததும் வார்டிலேயே பேசிச் சம்மதிக்க வைப்பது அன்று நர்ஸுகளின் வேலைகளில் ஒன்று. ‘இரண்டு போதும், இவர்களை நல்லபடியாக வளருங்கள்’ என்று அம்மாவும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டும் ஒரே காலையில் போய்விட்டன. கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சைக்குச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. அம்மா விடுப்பு நாள்களில் குப்பங்களுக்குப் போய், யாருக்கு விருப்பம், யாருக்கு வயது இடம் கொடுக்கும் என்று விசாரித்து, அவர்களோடு பஸ்ஸில் போய் வந்தார். எல்லாருக்கும் பலிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். “அன்று என்னிடம் ஏன் ‘இரண்டு போதும்’ என்று சொன்னீர்கள் என்று யாராவது கேட்டார்களா?” என்று கேட்டேன். “ஒருத்தி கேட்டாள்” என்றார். என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

2009இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது அரசு ஆவணத்தில் இருக்கும் சொல், வீட்டில் அதன் அடையாளம் எதுவும் தெரியவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வராந்தாவில் ரத்த அழுத்தக் கருவியோடு உட்கார்ந்துவிடுவார். ஐயரின் பிரசங்கம் நீண்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டுகிறது என்று ஒரு தாத்தா எப்போதும் சொல்வார். மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்தில் குணமாகிவிட்டேன் என்று சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு அம்மாவிடம் மரியாதை கிடைக்காது. “மாத்திரையையும் கர்த்தர்தான் கொடுத்தார், விழுங்குங்கள்” என்பார்.

மற்ற நாள்களில் வீடு வீடாகப் படுக்கை நோயாளிகள். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாப்புலியூரிலும் மதம், தெரு என்று பாராமல் போனார். வீட்டாருக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் முறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, குதிகாலின் கீழே துணிச் சுருள் வைப்பது, இடுப்பெலும்புப் பக்கம் தோல் சிவந்தால் தேய்க்காமல் பாரத்தை விலக்குவது, படுக்க வைத்த நிலையில் கஞ்சி ஊட்டாமல் தலையை உயர்த்திவிட்டு ஊட்டுவது. இதை மருமகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் ஒப்ப மாட்டார். மகன்களைக் கூப்பிட்டு நிற்க வைப்பார். “உங்கள் அம்மாதானே, நீங்களும் புரட்டலாம்” என்று சொல்லி, நன்றாக மீசை வைத்த ஆண்கள் விரிப்பு மாற்றக் கற்றுக்கொண்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மறுநாள் பழைய வருட ஆராதனையை மின்சாரம் இல்லாமல் மெழுகுவர்த்தியில் நடத்தினார்கள். நான் வாழ்த்துச் சொல்லத் தேடினால் அம்மாவைக் காணோம். தகரம் கிழித்த காலோடு வந்த ஒரு பையனுக்குக் கோயில் பின்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு வந்த வாரங்கள் முழுக்க ரம்பம், ஆணி, கூரை ஓடு கிழித்த காயங்கள்தான். எல்லாரையும் டெட்டனஸ் ஊசிக்கு அரசு மருத்துவமனைக்கு விரட்டினார். 2015 வெள்ளத்தில் கால்விரல் இடுக்குப் புண்களும் எலிக்காய்ச்சல் பயமும்.

2020இல் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் கடலூரில் தொற்று ஏறியபோது அம்மாவுக்கு வயது அறுபத்தொன்பது. போகத் துடிப்பார் என்று பயந்தோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியோடு உட்கார்ந்துவிட்டார். விசுவாசம் இருந்தால் எதுவும் ஒட்டாது என்று பேசியவர்களுக்கு அவர் கையில் ஒரு பழைய ஆதாரம் வைத்திருந்தார். 1527இல் விட்டன்பர்கில் கொள்ளைநோய் வந்தபோது லுத்தர் ஊரைவிட்டுப் போகாமல் நோயாளிகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தார். ஆனால் அதைப் பற்றி பிரெஸ்லாவ் நகர யோகான் ஹெஸ் என்ற குருவானவருக்கு எழுதிய கடிதத்தில், பொறுப்பில் இருப்பவர்கள் விட்டு ஓடக் கூடாது, மருந்து சாப்பிட வேண்டும், வீட்டைப் புகை போட்டுச் சுத்தப்படுத்த வேண்டும், தான் தேவைப்படாத இடத்துக்குப் போய் நோயை வாங்கவும் கொடுக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஐயர் ஒரு பிரசங்கத்தில் இதைச் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு ஆயுதம் கிடைத்துவிட்டது. முகக்கவசம் போடாமல் வாசலுக்கு வந்த சபை மூப்பர் ஒருவரிடம், ஜன்னல் வழியாக, “லுத்தரே வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார், போங்கள்” என்றார்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் 2015இல் தேர்வு எழுதி ஒப்பந்த முறையில் சேர்ந்த நர்ஸுகளுக்கு அப்போது தொகுப்பூதியம் 7,700 ரூபாயாக இருந்தது. 2017 நவம்பரில் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடியபோது, ‘சேவை மனப்பான்மை எங்கே போயிற்று?’ என்று எங்கள் சபையிலேயே சிலர் பேசினார்கள். அம்மாவுக்கு வந்த கோபத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். தன் கைக்கு எந்தக் கணக்கும் வைக்காதவர் அந்தப் பெண்களின் கணக்கை வரிவரியாகப் போட்டார். அறை வாடகை, பஸ், சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது. “இதில் ஊழியம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பசியில் நிற்கிறவள் சொட்டு எண்ணினால் தப்பாக எண்ணுவாள்” என்றார். அடுத்த மே மாதம் நர்ஸுகள் தினத்தை ஒட்டிய ஞாயிறில் ஐயர் சபையிலிருந்த நர்ஸுகளை முன்னால் அழைத்து ஜெபிக்க விரும்பினார். அம்மா ஒரு நிபந்தனை போட்டார். தியாகம் என்று பிரசங்கிக்கக் கூடாது, ஜெபத்தில் அவர்கள் சம்பளத்துக்காகவும் கேட்க வேண்டும். ஐயர் கேட்டார்.

2023இல் அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொண்டது சின்ன வயது நர்ஸ் ஒருவர், திட்டக்குடிப் பக்கத்துப் பெண். இரவில் அம்மா கண்ணை மூடியபடியே, “பாப்பா, டிரிப் வேகமாக ஓடுகிறது” என்றார். அந்தப் பெண் கடிகாரத்தை எடுத்து எண்ணிப் பார்த்து, திருகைக் குறைத்துவிட்டு, “அம்மா, நீங்கள் எந்த பேட்ச்?” என்று கேட்டார். அம்மா வருடத்தைச் சொன்னார். பிறகு அவருடைய சம்பளம் எவ்வளவு, நிரந்தரம் ஆகிவிட்டதா, இரவுச் சாப்பாடு யார் கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். நான் தூங்கப் போன பிறகும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.